ஆய்வுக்கூடத்து ஆரத்தி

சாந்தி டீச்சருக்கு ஆரத்தி கரைக்க அனுமதி கிடைத்தது. எடுக்கக் கிடைக்கவில்லை.

இந்தத் தீர்ப்பை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு தேடி வந்து சொன்னவள் நாத்தனார் நிர்மலாதேவி. கையில் ஒரு பை நிறைய முறுக்கு. வேண்டாத சேதி சொல்ல வருகிறவர்கள் ஏன் பலகாரத்தோடு வருகிறார்கள் என்று இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. சாந்தி கோப்பி கலக்கி வைத்தாள். நிர்மலா இரண்டு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அண்ணி, சனிக்கிழமை பொண்ணு வீட்டுக்குள்ள வர்றப்ப ஆரத்திய நீங்கதான் கரைச்சுக் குடுக்கணும். கெமிஸ்ட்ரி படிச்சவங்க நீங்க, அளவு தப்பாது."

"எடுக்கிறது யாரு?"

நிர்மலா முறுக்குப் பையின் வாயை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "பக்கத்து வீட்டு மீனம்மா எடுக்கட்டும்னு கருப்பாயி அக்கா சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அவங்கதான் சொல்றாங்க."

கருப்பாயி அக்கா என்பவர் நிர்மலாவின் புருஷன் பாலகிருஷ்ணனுக்கு மூத்த சகோதரி. எந்த விசேஷத்திலும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தால், பந்தி முடிகிற வரைக்கும் அந்த நாற்காலியிலிருந்தே சட்டம் போடுகிற ஆள். அவர் போட்ட சட்டத்தை யாரும் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை.

சட்டத்துக்குக் காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாந்தியின் வீட்டுக்காரர் தங்கராஜு போய் இரண்டு வருஷம். மெர்லிமாவ் பாசாருக்கு மீன் வாங்கப் போனவர், மோட்டார் சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே சாய்ந்தார். அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் சாந்திக்குச் சமையலறை ஒதுக்கப்பட்டது. யாரும் போ என்று சொன்னதில்லை. "டீச்சர், உள்ள கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பார்ப்பதற்கு வெங்காயம்தான் இருக்கும்.

அதையெல்லாம் சாந்தி பொருட்படுத்தாமல் இருக்கப் பழகியிருந்தாள். ஆனால் இது நிர்மலாவின் மகன் சுரேன் கல்யாணம். நிர்மலாவும் பாலகிருஷ்ணனும் அவன் படிக்கிற வயதில் ஊரைவிட்டு உள்ளே செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருந்தார்கள், பஸ் கிடையாது. அதனால் இடைநிலைப்பள்ளி படித்த ஐந்து வருஷமும் சுரேன் மாமன் வீட்டில்தான் இருந்தான். சாந்தி கையால் சாப்பிட்டான், சாந்தி கையால் அடி வாங்கினான், எல்லாப் பாடத்திலும் தேறினான், கெமிஸ்ட்ரியைத் தவிர. பிள்ளை இல்லாத வீட்டில் கிடைத்த பிள்ளை. அந்தக் குடும்பத்து வழக்கத்தில் கல்யாணமாகி வாசலுக்கு வருகிற பையனுக்கு முதல் ஆரத்தி மாமன் பெண்டாட்டி எடுக்கிறது. அந்தத் தட்டு தனக்கு வேண்டும் என்று சாந்திக்கு ஆசை இருந்தது. வெட்கம் கெட்ட ஆசை என்று அவளே அதைத் திட்டிப் பார்த்தாள், போகவில்லை. வாயைத் திறந்து கேட்க மட்டும் வரவில்லை.

"சரி நிர்மலா, கரைச்சுத் தர்றேன்" என்றாள்.

நிர்மலா நிம்மதியாக மிச்சக் கோப்பியைக் குடித்தாள். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் படிவம் நான்கு வகுப்புக்கு அமிலம், காரம் பாடம். ஆய்வுக்கூட அலமாரியில் இருந்த லிட்மஸ் தாள் முழுவதும் மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எதில் தோய்த்தாலும் ஒரே நிறம், பச்சை. புதிய தாள் கேட்டு எழுதிப் போட்டால் வருவதற்குள் இந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போய்விடுவார்கள். ஆகவே சாந்தி, செடியிலிருந்தே நிறங்காட்டி செய்வோம், ஆளுக்கொரு பூவோ காயோ கிழங்கோ வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள்.

கொண்டு வந்தார்கள். மெய் லிங் ஊதா முட்டைக்கோஸ் ஒன்றை முழுசாகத் தூக்கி வந்தாள். அய்மான் கொண்டு வந்த செம்பருத்தி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முதல்வர் தானே தண்ணீர் ஊற்றி வளர்க்கிற செடியில் காலையில் பூத்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் கொண்டு வந்த ரோஜா மிக அழகாக இருந்தது, பிளாஸ்டிக். அகல்யா ஒரு டப்பா நிறைய சங்குப்பூ பறித்து வந்திருந்தாள். இந்த அகல்யா நிர்மலாவின் மகள், சுரேனுக்குப் பத்து வயது இளையவள். வகுப்பில் சாந்தியை டீச்சர் என்பாள், வீட்டில் அத்தை என்பாள். காரிடாரில் பார்த்தால் எது என்று தெரியாமல் லேசாக இருமுவாள்.

தினேஷ்வரன் வீட்டில் மளிகைக் கடை. அவன் மஞ்சள்தூள் பொட்டலம் ஒன்றும், வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு டப்பா ஒன்றும் மேசை மேல் வைத்தான். "காரம் கேட்டீங்கல்ல டீச்சர், இது செம காரம் லா. எங்க தாத்தா வாய் ரெண்டு தடவ வெந்துருக்கு."

இடித்தார்கள், சுடுதண்ணீரில் ஊற வைத்தார்கள், பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். ஆய்வுக்கூடம் முழுக்க முட்டைக்கோஸ் வெந்த நாற்றம். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறியது, வகுப்பு "ஓ" என்றது. செம்பருத்திச் சாறு சோப்புத் தண்ணீரில் பச்சையானது, மறுபடி "ஓ". மஞ்சள் தண்ணீரில் வினிகர் விட்டார்கள். மஞ்சளாகவே இருந்தது. மஞ்சளுக்கு யாரும் "ஓ" போடவில்லை.

"இப்ப காரத்தைப் போடுங்க. கையில படாம" என்றாள் சாந்தி.

தினேஷ்வரன் ஒரு கண்ணாடிக் குச்சி நுனியில் சுண்ணாம்பை எடுத்து பெரிய பீக்கரில் கலக்கினான். மஞ்சள் தண்ணீர் கலங்கி, சுழன்று, ரத்தச் சிவப்பாக நின்றது. இந்தத் தடவை தமிழ்ப் பிள்ளைகள் யாரும் "ஓ" சொல்லவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர்" என்றான் தினேஷ்வரன். "இது ஆரத்தி லா."

"இது மஞ்சள்ல இருக்கிற குர்க்குமின், காரக் கரைசலில். எழுதிக்கோ."

"எழுதிட்டேன். ஆனா ஆரத்தி."

சாந்திக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் மண்டைக்குள் அதுதானே கரைந்துகொண்டிருக்கிறது. "சரி, பார்த்தாச்சு. நிறம், மாற்றம், எல்லாம் எழுதினவங்க பீக்கரைக் கழுவி வைங்க. மணி அடிக்கப் போகுது" என்றாள்.

மற்றதெல்லாம் சிங்க்கில் போயிற்று. சிவப்பு பீக்கர் மட்டும் மேசையிலேயே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் யாரும் அதைத் தொடவில்லை.

"ஏன், என்ன ஆச்சு?"

"சிங்க்ல ஊத்தக் கூடாது டீச்சர். ஆரத்தித் தண்ணி வாசல்லதான் ஊத்தணும்."

"அது திருஷ்டி சுத்தின தண்ணிக்கு. இதை யாருக்கும் சுத்தல."

"அப்ப சுத்திட்டு ஊத்திருவோம்" என்றான் தினேஷ்வரன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இதே மூளையைப் பரீட்சையில் காட்டினால் என்ன கேடு என்று சாந்திக்குத் தோன்றியது.

"உங்க வகுப்புக்கு எவன்டா கண்ணு வைப்பான்? போன பரீட்சை மார்க்கைப் பார்த்துமா?"

"யாரோ வச்சதாலதான் டீச்சர் அந்த மார்க்கு."

மெய் லிங் இது என்ன நடைமுறை என்று கேட்டாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் மலாயில் விளக்கினார்கள். முகத்துக்கு முன்னால் சுற்ற வேண்டும், வெளியே ஊற்ற வேண்டும், கெட்ட பார்வை போய்விடும். மெய் லிங் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள், அவளுக்குக் கணக்கில் பிரச்சினை. அய்மானும் மற்ற மலாய்ப் பிள்ளைகளும் தள்ளி நின்று குறிப்பு எழுதுவதாகச் சொன்னார்கள்.

"யாரு சுத்துறது?" என்றாள் ஒருத்தி.

"பொம்பளைங்கதான். பெரியவங்களா இருக்கணும்."

வகுப்பு முழுவதும் சாந்தியைப் பார்த்தது. அகல்யா மட்டும் சங்குப்பூ டப்பாவைப் பார்த்தாள். சாந்திக்கு ஆரத்தித் தட்டு கிடையாது என்ற விஷயம் அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அத்தையும் மருமகளும். இரண்டு வருஷப் பழக்கத்தில் சாந்தியின் கால் தானாகவே ஒரு அடி பின்னால் போனது. பின்னால் அலமாரி. போக இடமில்லை.

ஒரு பிள்ளை பிளாஸ்டிக் தட்டை நீட்டியது. இன்னொன்று பீங்கான் கிண்ணத்தில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி அதன் மேல் வைத்தது. "டீச்சர், சீக்கிரம், மணி அடிச்சிரும்" என்று வரிசையாக ஒட்டி நின்றார்கள், ஒரே சுற்றில் எல்லாரும் அடங்குகிற மாதிரி. ஒருத்தன் முகத்திலும் சந்தேகம் இல்லை. அவர்களுக்கு இவள் டீச்சர், பெரியவள், அவ்வளவுதான்.

சாந்தி தட்டை வாங்கிச் சுற்றினாள். மனசு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மூக்கு வரைக்கும் வந்த அழுகையை முட்டைக்கோஸ் நாற்றம் அடக்கியது. ஒருத்தன் நெற்றியில் பொட்டு வைக்கச் சொல்லித் தலையை நீட்டினான். ஆய்வுக்கூடப் பொருளைத் தோலில் தடவக் கூடாது என்று விதிப்படி மறுத்துவிட்டாள். தண்ணீரைத் தினேஷ்வரன் வெளியே புல்லில் ஊற்றினான். மணி அடித்தது.

அதைப் பின்வரிசைப் பிளாஸ்டிக் ரோஜாக்காரன் தடைசெய்யப்பட்ட கைப்பேசியில் படம் பிடித்து, சாயங்காலம் ஊருக்கே போட்டுவிட்டான். "எங்க டீச்சர்" என்று எழுதி நெருப்பு எமோஜி வேறு.

வியாழக்கிழமை முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். முதல்வர் புவான் ரொஹானி நல்ல மனுஷி, செம்பருத்தி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. சாந்தி அதற்குத்தான் தயாராகப் போனாள்.

"சிக்கு சாந்தி, ஒரு சின்ன உதவி" என்றார் புவான் ரொஹானி மலாயில். மலாய்ப் பேச்சில் டீச்சர் சிக்கு, அம்மா புவான். "பெற்றோர் ஒருவர் பள்ளி நம்பருக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். தமிழ். நம்முடைய தமிழ் ஆசிரியை பிரசவ விடுப்பில் இருக்கிறார். உங்கள் பெயர் இதில் நிறைய வருகிறது. அதனால் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மொழிபெயர்க்க முடியுமா?"

பொத்தானை அழுத்தினார். நிர்மலாவின் குரல் மேசை மேல் பேசியது.

"வணக்கங்க. நான் படிவம் நாலு அகல்யாவோட அம்மா பேசுறேன். சாந்தி டீச்சர் எங்க அண்ணிதான். தங்கமானவங்க. குத்தமா சொல்லல..."

"என் நாத்தனார்" என்றாள் சாந்தி. "நான் நல்லவள் என்கிறார்."

"நல்லது" என்றார் முதல்வர்.

"...ஆனா சாந்தி டீச்சர் வகுப்புல பிள்ளைங்களுக்கு ஆரத்தி எடுத்துருக்காங்க. அவங்க எடுக்கலாமா? எங்க வீட்டுல சனிக்கிழமை கல்யாணம். எம்மக அந்த வகுப்புல நின்னுருக்கா. சாந்தி டீச்சர் வீட்டுக்காரர் தவறிட்டாரு..."

இந்த இடத்தில் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "எங்கண்ணன்தாங்க. எனக்கு ஒரே அண்ணன். ஒருத்தரக் குடுத்தது போதுங்க. எம்பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. இனிமே அப்படிச் செய்ய வேணாம்னு சாந்தி டீச்சர்கிட்ட நீங்க பக்குவமா சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

செய்தி முடிந்தது. முதல்வர் காத்திருந்தார்.

பாடம் நன்றாக நடத்துகிறேன் என்று பாராட்டுகிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு நொடி சாந்தி அதைத்தான் யோசித்தாள். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுது, உனக்குப் பிடித்த நிறத்தை எழுதாதே என்று இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை விரட்டிய நாக்கு வேறு மாதிரி புரளவில்லை. வரி வரியாக மொழிபெயர்த்தாள். "இங்கே அழுகிறார்" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். "நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்கிறார்" என்றும் சொன்னாள்.

புவான் ரொஹானி கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.

"எனக்குச் சரியாகப் புரிகிறதா பாருங்கள். புகார் என்னவென்றால், உங்கள் கணவர் இறந்துவிட்டார்."

"ஆமாம் புவான்."

"அது உங்கள் மேல் புகார்."

"ஆமாம் புவான்."

"இது பள்ளியின் அதிகாரத்துக்குள் வராது" என்றார் முதல்வர் கொஞ்சம் யோசித்து. "பாடத்திட்டத்தில் அந்தச் சோதனை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் செய்யுங்கள்." சாந்தி எழுந்து கதவருகே போன பிறகு, மெதுவாக, "நான் மிகவும் வருந்துகிறேன், சிக்கு" என்றார். பிறகு, "கொடிக்கம்பத்துப் பூவைப் பற்றி நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

சாந்தி நேராக ஆய்வுக்கூடத்துப் பின்னறைக்குப் போய், கழுவி வைத்த சோதனைக் குழாய்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். கோபம் தலைக்கு ஏறியது. படுபாவி, என் வீட்டுல உட்கார்ந்து கோப்பி குடிச்சவ, என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன? நான் என்ன அந்த மனுஷன் மோட்டார் பக்கத்துல சாயட்டும்னு வேண்டிக்கிட்டா இருந்தேன்? எனக்குப் போனது யாரு, தெருவுல போறவனா? ஒரு குழாய் கையோடு உடைந்தது. அத்தனை கோபத்துக்கும் நடுவில் அந்த மூக்குறிஞ்சல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. நிர்மலா அண்ணனுக்காக அழுது இரண்டு வருஷத்தில் இப்போதுதான் சாந்தி கேட்கிறாள். எழவு வீட்டில்கூட அவள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. பாவி மக, அழுகிறதுக்குப் பள்ளிக்கூடத்து நம்பர்தான் கிடைச்சுதா?

கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை சுரேனிடமிருந்து செய்தி வந்தது: "அத்தை, நாளைக்கு வேட்டிய நீங்கதான் கட்டி விடணும். எனக்கு இடுப்புல நிக்காது. கோயில்ல அவுந்தா உங்க பொறுப்பு." முடிவு செய்தது வீணாயிற்று.

சனிக்கிழமை காலையில் போய் வேட்டி கட்டிவிட்டாள். கோயிலில் தூணுக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தாள். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்று பக்கத்திலிருந்த பெண்மணியிடம் சொன்னாள். பெண்மணி அங்கே காற்றே இல்லை என்றார். பொண்ணு அனுசியா கோலா சுங்கை பாரு ஊர்க்காரி, சிரித்த முகம். மாலை கனத்தில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாந்தி மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பிக் கல்யாண வீட்டுக்கு வந்து, வழக்கம்போலச் சமையலறைக்குள் போனாள். அங்கே வெங்காயம் இருந்தது.

பின்னாலேயே நிர்மலா வந்தாள். பட்டுப் புடவை, நெற்றியெல்லாம் வியர்வை, கையில் கரண்டி.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கரைக்கிறதும் வேணாம்னு அக்கா சொல்றாங்க. அகல்யாவே கரைச்சுருவா. கிளாஸ்ல படிச்சிருக்கால்ல."

"அதான் மெசேஜ்லயே சொல்லிட்டியே நிர்மலா."

கரண்டி நின்றது. "எந்த மெசேஜ்? யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பள்ளிக்கூடத்துல தமிழ் தெரிஞ்ச ஆளு இல்ல. நான்தான் மொழிபெயர்த்தேன்."

நிர்மலாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நீ அழுத இடத்தையும்."

வெளியே கார் ஹாரன் அடித்தது, பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு என்று யாரோ கத்தினார்கள். நிர்மலா கரண்டியோடேயே வாசலுக்கு ஓடினாள்.

சாந்தி சமையலறையை விட்டு வரவில்லை. ஹாலைத் தாண்டி வாசல் வரைக்கும் தெரிகிற மாதிரி கதவோரமாக நின்றுகொண்டாள், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. கேட்டுக்கு உள்ளே சிமெண்டுத் தரையில் சுரேனும் அனுசியாவும் வெறுங்காலோடு நின்றார்கள். உச்சி வெயில். மீனம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றார். கருப்பாயி அக்கா நாற்காலியோடு வாசலுக்கு வந்திருந்தார். அகல்யா பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தாம்பாளத்தில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. கருப்பாயி அக்காவுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. "ஐயையோ, என்னடி இது? சிவக்கலையே!"

நிர்மலா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி மஞ்சளா இருக்கு?"

"சுண்ணாம்பு போடலம்மா."

"ஏன் போடல?"

"எவ்வளவு போடணும்னு தெரியல" என்றாள் அகல்யா. முகத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற முகம். "குறைஞ்சா ஆரஞ்சு. கூடுனா கறுத்துரும். டீச்சர் வந்து போட்டாத்தான் சரியா வரும்."

"கிளாஸ்ல படிச்சியே!"

"நான் அந்தக் கிளாஸ்ல சங்குப்பூம்மா. மஞ்சள் வேற குரூப்பு."

சமையலறைக் கதவோரத்தில் சாந்தி காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தச் சோதனையை எழுதாமல் அன்றைக்கு ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை. அகல்யாவின் நோட்டைத் திருத்தியதே சாந்திதான். கழுதை, பொய் சொல்கிறாள்.

"மீனம்மா, நீங்க ஒரு விரல் சுண்ணாம்பு போடுங்களேன்" என்றாள் நிர்மலா.

மீனம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. கறுத்துப் போச்சுன்னா எம்பேர்ல வந்துரும். நான் சுத்தத்தான் வந்தேன்."

"மஞ்சளாவே சுத்திருங்க அப்ப" என்றார் பாலகிருஷ்ணன் பின்னாலிருந்து. அவருக்குப் பசி.

கருப்பாயி அக்கா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "வாய மூடுடா! செவக்காத தண்ணிய வாசல் ஏறுற புள்ளைக்குச் சுத்துறதா? குடும்பம் வெளங்குமா? அந்த டீச்சர எங்க? கூப்புடுங்க, யாரா இருந்தா என்ன, மொதல்ல அத செவக்க வைங்க!"

"அத்தை, வாங்க லா" என்று சுரேன் வாசலிலிருந்து உள்ளே பார்த்துக் கத்தினான். "கால் கொதிக்குது!" அனுசியா ஏற்கெனவே அவன் மேல்துண்டைக் கீழே போட்டு அதில் ஏறி நின்றிருந்தாள். கெட்டிக்காரி.

சாந்தி ஹாலைக் கடந்து வந்தாள். கூட்டம் வழி விட்டது. அகல்யா சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள். சாந்தி ஒரு விரல் நுனி எடுத்து மஞ்சள் தண்ணீரில் கரைத்தாள், ஒரு சுழற்று. சிவப்பு ஏறியது, திட்டுத் திட்டாக, பிறகு முழுசாக. வாசலில் நின்ற எல்லாரும், கருப்பாயி அக்கா உள்பட, "ஓ" என்றார்கள்.

"இந்தாங்கத்தை" என்று அகல்யா தாம்பாளத்தை அவள் கையில் வைத்துவிட்டுத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். இரண்டு அடி பின்னால் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

தாம்பாளம் இப்போது சாந்தி கையில். மீனம்மா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது, ஏனென்றால் சாந்தி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை கொடுக்கவில்லை. தண்ணீர் விளிம்பில் தளும்பியது. அவள் நிர்மலாவைப் பார்த்தாள். கேட்பதற்கு வாய் இப்போதும் வரவில்லை. கண் மட்டும் கேட்டது, எனக்குக் குடு நிர்மலா, இவன் எம்புள்ள.

நிர்மலா இன்னமும் கரண்டியைப் பிடித்திருந்தாள். அவள் தாடை நடுங்கியது, தங்கராஜுவுக்கும் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் நடுங்கும்.

"என்னண்ணி பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் நிர்மலா. குரல் கரகரவென்று வந்தது. "புள்ள வெயில்ல நிக்குது. சுத்துங்க."

சாந்தி சுத்தினாள். சுரேன் தலையைக் குனிந்துகொண்டான், கெமிஸ்ட்ரி பரீட்சைத் தாளை வாங்குகிற நாளில் குனிவது போல. அனுசியா கண்ணை மூடிக்கொண்டாள். சாந்திக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாம்பாளத்தில் சொட்டியது, துடைக்கக் கை இல்லை. வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. முடித்துத் தாம்பாளத்தைத் தாழ்த்தினாள்.

"அண்ணி" என்றாள் நிர்மலா. இப்போது அவளும் அழுதுகொண்டிருந்தாள், எல்லாருக்கும் முன்னால், மறைக்காமல். "அண்ணன் பங்குக்கு இன்னொண்ணு சுத்துங்க."

"நாலு ஆகாது" என்றார் கருப்பாயி அக்கா.

"அப்ப அஞ்சு" என்றாள் நிர்மலா.

சாந்தி அஞ்சு சுத்தினாள்.